டிஸ்க் எங்கே? விண்டோஸ் 11, நாலு வருஷம், மூணு ரீஇன்ஸ்டால்

கோத்தகிரி நண்பர் ஒருவரின் கேள்வி இது: "அப்டேட் 30 பர்சென்ட் வரைக்கும் போகுது, அப்புறம் அண்டூயிங் சேஞ்சஸ்னு திரும்பிடுது. ஸ்டார்ட் மெனு பாதி நேரம் திறக்கவே மாட்டேங்குது. ரீசெட் குடுக்கவா, இல்ல ஃபார்மேட் அடிச்சுப் புதுசாவே போட்டுடவா?"

அவரிடம் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே ரகம். 2021 கடைசியில் வாங்கிய லேப்டாப், 11வது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கூடவே வந்த விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். இதன் வேகம், திரை, பேட்டரி பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. மூன்று முறை விண்டோஸை மறுபடி ஏற்றியதில் தெரிந்துகொண்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஓஎஸ்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மூன்றைப் பார்த்துவிடுங்கள். முதலாவது டிஸ்க். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் எஸ்எஸ்டிக்கு மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் என்ற வரி பூஜ்யமாக இருக்கவேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கரண்ட் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் எத்தனை தடவை ஃபார்மேட் அடித்தாலும் மறுபடி அதே கதைதான். இரண்டாவது ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் போதும், ஒரு பிழை வந்திருந்தாலும் அந்த ராமை வைத்துக்கொண்டு விண்டோஸ் போடாதீர்கள். மூன்றாவது கடிகாரம். தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் இணையத் தளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், ஆக்டிவேஷன் தகராறு செய்யும். அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடித்துக் கொடுக்கும் சிஸ்டம் கடைகளும் உண்டு. டெஸ்க்டாப்பில் இதற்கு மருந்து மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஊட்டியில் டீயும் வர்க்கியும் சாப்பிடும் காசுக்குள் முடிகிற வேலை.

"மலை மேல ஹார்ட் டிஸ்க் தாங்காது" என்று இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் தரும் உயர வரம்பு 3,048 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆக, பிரச்சினை உயரம் இல்லை. ஈரமும் அடிக்கடி போகும் கரண்டும்தான்.

சரி, வன்பொருளில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்தது அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட், அதில் கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகள். முதலில் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிந்த பிறகே எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல கோப்பை எங்கிருந்து எடுப்பது என்று எஸ்எஃப்சி தேடும் கிடங்கையே சரிசெய்வதுதான் டிஸ்ம்மின் வேலை, கிடங்கு கெட்டுக் கிடந்தால் எஸ்எஃப்சியால் ஒன்றும் ஆகாது. டிஸ்ம் 62.3 சதவீதத்தில் பத்து நிமிஷம் அசையாமல் நிற்கும். செத்துவிட்டது என்று ஜன்னலை மூடிவிடாதீர்கள், அப்படித்தான் அது.

இதிலும் தீரவில்லையா? இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம்.

ரீசெட் என்ற பொத்தானைப் பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த விண்டோஸ் எங்கோ பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்துப் போடும் என்று தோன்றும். அப்படி இல்லை. லோக்கல் ரீஇன்ஸ்டால் என்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் கோப்புகளிலிருந்தே புதியதைக் கட்டுகிறது. கெட்ட மாவை வைத்தே மறுபடி தோசை. அதனால்தான் பாதியில் "தேர் வாஸ் எ பிராப்ளம் ரீசெட்டிங் யுவர் பிசி" என்று கைவிரிக்கிறது. கிளவுட் டவுன்லோடு புதிய கோப்புகளைக் கொண்டுவரும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் இறக்கும். எந்த வகை ரீசெட் கொடுத்தாலும் "கீப் மை ஃபைல்ஸ்" காப்பாற்றுவது கோப்புகளை மட்டும்தான், நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போய்விடும்.

நாலு வருஷத்தில் இந்த விண்டோஸ் கொடுத்த ஒரே உண்மையான சந்தோஷம் ரிப்பேர் இன்ஸ்டால். விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ கோப்பை (இன்ஸ்டால் டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு, 5 ஜிபிக்கு மேல்) ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே இரண்டு முறை தட்டித் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் போதும். "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" என்று கேட்கும். சரி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஓஎஸ் முழுக்கப் புதிதாகிவிடும். டேலி, பிரிண்டர், வால்பேப்பர் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அந்த வரி மங்கித் தேர்வு செய்ய முடியாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் மொழி: லேப்டாப்பில் இருப்பது அமெரிக்க ஆங்கிலம், நீங்கள் இறக்கியது இங்கிலீஷ் இன்டர்நேஷனல், அல்லது நேர்மாறாக. இருப்பதைவிடப் பழைய பதிப்பின் ஐஎஸ்ஓவும் ஆகாது. சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக வையுங்கள். பழைய விண்டோஸ் 10 நாள் அங்கேயே இருக்கும், எல்லாம் சரியென்றால் டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிடலாம்.

ரிப்பேர் இன்ஸ்டாலை இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெண்டிரைவிலிருந்து பூட் செய்தால் வந்து நிற்கும் அந்தத் திரையை அது காட்டுவதில்லை.

அந்தத் திரை இதுதான். பெண்டிரைவ் போட்டாயிற்று, மொழி தேர்ந்தாயிற்று, ஒப்பந்தத்துக்குச் சரி சொல்லியாயிற்று. எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் பக்கம் வருகிறது, பட்டியல் காலி. ஒரு டிரைவும் இல்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி காற்றில் கரைந்துவிட்டது. முதல் முறை பார்க்கிறவர் எஸ்எஸ்டி போய்விட்டது என்றே நினைப்பார், அந்த நம்பிக்கையில் புது எஸ்எஸ்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. 11வது தலைமுறை முதல் இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் விஎம்டி என்ற கண்ட்ரோலருக்குப் பின்னால் எஸ்எஸ்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்கான டிரைவர் இன்ஸ்டாலருக்குள் இல்லை. தொழிற்சாலையில் போட்ட விண்டோஸில் இருந்தது, ஃபார்மேட் அடிக்கும்போதுதான் இல்லை. லட்சக்கணக்கான லேப்டாப்களுக்குப் பொதுவான ஒரு பாகம், அதற்குச் சில எம்பி அளவில் ஒரு டிரைவர். அவ்வளவு பெரிய ஐஎஸ்ஓவில் அதற்கு இடம் இல்லையாம்.

வழி இரண்டு. முதல் வழி, இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர். 11வது தலைமுறைக்கு 19 வரிசையை எடுங்கள், 20 வரிசை 12வது தலைமுறையிலிருந்துதான். இறங்குவது ஒற்றை செட்டப் கோப்பு, அதை அப்படியே பெண்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலர் திரும்பிக்கூடப் பார்க்காது. வேறொரு கணினியில் கமாண்ட் பிராம்ப்டில் அந்தக் கோப்பின் பெயரோடு எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்ற வாலைச் சேர்த்து, ஒரு ஃபோல்டர் பெயரும் கொடுத்தால் உள்ளே இருப்பவை பிரிந்து வரும். அதில் விஎம்டி என்ற ஃபோல்டரைப் பெண்டிரைவில் வைத்து, காலிப் பட்டியல் திரையில் லோடு டிரைவர் கொடுத்து அதைக் காட்டவேண்டும். 11வது தலைமுறைக்குக் கண்ட்ரோலர் 9ஏ0பி என்ற வரி வரும், 12வதுக்கு 467எஃப். தேர்ந்ததும் எஸ்எஸ்டி எங்கேயும் போகாததுபோல் வந்து நிற்கும்.

இரண்டாவது வழி, பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) விஎம்டியை அணைப்பது. சில ஏசர் மாடல்களில் அந்த வரியே கண்ணில் படாது. மெயின் பக்கத்தில் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். அடியோடு புதிதாகப் போடும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். இருக்கும் விண்டோஸை வைத்துக்கொண்டு அணைத்தால் அடுத்த பூட்டிலேயே இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று நீலத்திரை. மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும்.

டிஸ்க் கிடைத்ததும் கை பரபரக்கும், நிதானம் தேவை. நம் ஊர் லேப்டாப்களில் சி, டி என்று பிரித்திருப்பார்கள். சி, 100 எம்பி சிஸ்டம், 16 எம்பி ரிசர்வ்டு, ரெகவரி ஆகிய இவற்றை மட்டும் அழித்து, வரும் காலி இடத்தில் போடுங்கள். அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள், அந்தப் பக்கத்தில் சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. டி டிரைவ் தப்பினாலும், டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் புது விண்டோஸ் அதைத் திறக்க 48 இலக்க ரெகவரி சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஏற்றிய 24ஹெச்2 (2024-இல் வந்த விண்டோஸ் 11) பதிப்பில் இது தானாகவே ஆன் ஆகும். ஃபார்மேட்டுக்கு முன்பே அந்தச் சாவியைக் கணக்கின் ரெகவரி கீ பக்கத்திலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

சி டிரைவோடு போகிற வேறு சில பொருள்கள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. டேலிபிரைம் கணக்குகள் வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டருக்குள்தான் கிடக்கும். டாக்குமெண்ட்ஸை மட்டும் காப்பி எடுத்துவிட்டு ஃபார்மேட் அடித்தால் காய்கறி மண்டியின் முழு வருஷக் கணக்கும் காலி. பாமினி, வானவில் எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டரின் ஃபாண்ட்ஸில் இருக்கும், அவை இல்லாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பெல்லாம் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

எல்லாம் ஏறி, ரீஸ்டார்ட் ஆகி, நாடு, விசைப்பலகை கேட்டபிறகு இரண்டாவது எரிச்சல். இணையம் வேண்டுமாம். ஹோம் பதிப்பில் தவிர்க்கவும் பொத்தான் இல்லை. மீடியாடெக், ரியல்டெக் வைஃபை சிப்கள் பலவற்றுக்கு இன்ஸ்டாலரில் டிரைவர் கிடையாது, ஆகவே வைஃபை பட்டியலும் காலி. இணையம் இருந்தால்தான் டிரைவர் வரும், டிரைவர் இருந்தால்தான் இணையம் வரும். தண்ணீர்க் குழாய்போல் எல்லா வீட்டிலும் இணையம் கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு யாரோ வடிவமைத்த திரை. மரம் விழுந்து கேபிள் அறுந்து மூன்று நாள் ஆன கூடலூர்ப் பக்கத்து ஆடி மாதத்தை அவர் பார்த்திருக்க நியாயம் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் வைஃபை டிரைவர் இல்லாமலே நெட்வொர்க் வந்துவிடும். போன் டேட்டாவில் அது அப்டேட்டும் இறக்கத் தொடங்கும், டெஸ்க்டாப் வந்ததும் முதல் வேலையாக டேட்டாவை மிச்சப்படுத்தும் மீட்டர்டு கனெக்‌ஷன் ஆன் செய்யுங்கள். 24ஹெச்2-இல் அதே திரையில் இன்ஸ்டால் டிரைவர் பொத்தானும் உண்டு, வைஃபை டிரைவரின் பிரித்த ஃபோல்டர் பெண்டிரைவில் இருந்தால் வேலை முடிந்தது. ஷிஃப்ட்டும் எஃப்10ம் அழுத்தி பைபாஸ்என்ஆர்ஓ அடித்து இணையக் கட்டாயத்தைத் தாண்டும் பழைய தந்திரத்தை இனி நம்பமுடியாது, 2025 மார்ச்சிலேயே சோதனைப் பதிப்புகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் என்ற மென்பொருளில் இன்ஸ்டால் பெண்டிரைவ் தயாரிக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்குக் கட்டாயத்தை நீக்கும் கட்டத்தில் டிக் போட்டுக்கொள்வது நல்லது.

கரண்ட் பற்றி. லேப்டாப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் கவலை இல்லை. டெஸ்க்டாப்பில் 600 விஏ யுபிஎஸ் பத்து, பதினைந்து நிமிஷம்தான் தாங்கும், இன்ஸ்டாலுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். கோப்பு காப்பி ஆகும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து, அவ்வளவுதான். அதற்கடுத்த "கெட்டிங் ரெடி" கட்டத்தில் போனால், கணினி எதிர்பாராமல் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற செய்தி ஓகே கொடுக்கக் கொடுக்கத் திரும்பத் திரும்ப வரும். அங்கே ஷிஃப்ட்டும் எஃப்10ம் அழுத்தி ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், செட்டப், ஸ்டேட்டஸ், சைல்டு கம்ப்ளீஷன் வரை போனால் செட்டப் என்ற மதிப்பு 1 என்றிருக்கும். 3 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆக்டிவேஷன் பற்றியும் சொல்லியாகவேண்டும். சாவி மதர்போர்டிலேயே இருப்பதால் எந்தப் பதிப்பு என்று கேட்காமலே ஹோம் சிங்கிள் லாங்குவேஜைப் போட்டுக்கொள்கிறது, இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிறது. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 25 எழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் படித்த காலம் போயே போச்சு. தமிழ்99 விசைப்பலகையும் தனியாக எதுவும் இறக்காமல் செட்டிங்ஸிலேயே கிடைக்கிறது.

இவ்வளவு நல்லது சொன்னபிறகும் இந்த விண்டோஸுக்கு மதிப்பெண் 5க்கு 2. அந்தக் காலிப் பட்டியலை மூன்றாவது முறை பார்த்த கையால் இதற்கு மேல் போட மனசு வரவில்லை. இரண்டு டிரைவர்களை உள்ளேயே வைத்திருந்தால் 4 கொடுத்திருக்கலாம்.

கோத்தகிரிக்காரருக்கு: உங்களுடையதில் விண்டோஸ் இன்னும் பூட் ஆகிறது, ரீசெட்டும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம், ரிப்பேர் இன்ஸ்டாலே போதும். ஐஎஸ்ஓ இங்கே இருக்கிறது, கீழே கோயம்புத்தூர் போகவேண்டாம், குன்னூர் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். 16 ஜிபி பெண்டிரைவ் கொண்டுவாருங்கள், வரும் முன் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துவிடுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது.