வண்ணம் சுவருக்கா, படத்துக்கா? வெளிச்சமான ஹாலுக்கு ஓர் ஒப்பீடு

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெயின்ட் கம்பெனியின் வண்ண அட்டையைத்தான். அதன்பின் சோபா, திரைச்சீலை. எல்லாம் வந்து இறங்கி, சோபாவுக்கு மேலே சுவர் மொட்டையாகத் தெரியும்போதுதான் ஒரு போட்டோ மாட்டலாமே என்ற யோசனை வருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பேன். பெயின்ட் ஆயிரக்கணக்கான வண்ணங்களில் கிடைக்கிறது, துணியும் அப்படியே. உங்களுக்குப் பிடித்த போட்டோவின் வண்ணம் மட்டும் எடுத்த அன்றே முடிவாகிவிட்டது. மாற்ற முடியாததை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, மாற்றக்கூடியவற்றை அதற்கு இணங்க வாங்குவதுதான் சுலபம்.

ஒப்பிட வசதியாக ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு 16 அடி, மேற்குப் பக்கம் பால்கனி, தந்த நிற விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, 7 அடி சோபா. சென்னையில் பல இரண்டு பெட்ரூம் வீடுகளின் ஹால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பிற்பகல் வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதமும்தான் இங்கே கவனிக்க வேண்டியவை.

வண்ணச் சுவரா, வெள்ளைச் சுவரா?

கலகலப்பான வீடு வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுவரில் அடர்ந்த வண்ணம் அடித்து அதன்மேல் கறுப்பு வெள்ளைப் படங்களை மாட்டுவது. மற்றொன்று, சுவரை வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ விட்டு, வண்ணத்தைப் படங்களிடமும் துணிகளிடமும் ஒப்படைப்பது. மூன்றாவதாக, சுவர், படம், சோபா மூன்றிலுமே வண்ணம் என்று பலர் செய்கிறார்கள். அங்கே எதைப் பார்ப்பது என்று கண் தவிக்கும். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முதல் வழியின் அழகு பெரியது. கரும்பச்சை அல்லது அடர்நீலச் சுவரில் வெள்ளை மவுன்ட் (படத்தைச் சுற்றி ஃப்ரேமுக்குள் வரும் அட்டை விளிம்பு) வைத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் நின்றால் அறைக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும். தாத்தா பாட்டியின் கல்யாணப் படம், பழைய ஸ்டுடியோ படம் எல்லாம் இங்கேதான் உயிர் பெறும். வீட்டில் பழைய படம் இல்லையென்றாலும் வழியுண்டு. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் ஆகிய ஊர்களின் கோயில்களை எடுத்த படங்கள் காப்புரிமைக் காலம் கடந்தவை. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் சில தம் தளங்களில் அவற்றைப் பெரிய அளவிலேயே இலவசமாகத் தருகின்றன. பழுப்பேறிய அந்த நிறம் அடர்பச்சைச் சுவரில் அவ்வளவு பொருந்தும்.

ஆனால் நம் மாதிரி ஹாலில் இந்த வழிக்குச் சில சிக்கல்கள். 10 அடி அகல அறையில் நான்கு சுவரும் அடர்ந்த நிறமானால் இடம் இன்னும் குறுகித் தெரியும். சுவரின் நிறம் வெளிச்சத்தோடு அறை முழுக்கத் தெறிக்கும்; மாலை வெயில் பட்ட ஆரஞ்சுச் சுவர் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தையே ஆரஞ்சாக்கிவிடும். சிவப்புச் சுவரில் வண்ணக் குடும்பப் படம் மாட்டினால் முகங்கள் பச்சையோடியது போலத் தெரியும். பிரிண்ட் போட்டவர் மேல் தவறில்லை, பக்கத்து நிறத்தால் கண் அடையும் மயக்கம் அது. வெள்ளை மவுன்ட் இதை ஓரளவு தடுக்கும். முழுக்கத் தடுக்காது.

இரண்டாவது வழிக்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் சுவர் வழுவழுப்பான வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. வண்ணமெல்லாம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும், முகப்புக் கண்ணாடியிலும், வரிசையாக மாட்டிய படங்களிலும் இருக்கும். ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் அந்த வெள்ளைச் சுவர்களில் அத்தனை எடுப்பாகத் தெரிவதற்குச் சுவரின் அடக்கமும் ஒரு காரணம். வெள்ளை எல்லா வண்ணத்துக்கும் இடம் கொடுக்கும். வெளிச்சத்தையும் அறையின் உள்மூலை வரை கொண்டுபோகும்.

மேற்குப் பால்கனி ஹாலுக்கு என் ஓட்டு வெள்ளைச் சுவருக்கு. வண்ணச் சுவர் ஆசை விடவில்லையென்றால் சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவரிலோ படுக்கையறையிலோ, நேரடி வெயில் விழாத ஒரே ஒரு சுவரில் அடியுங்கள்.

படத்தை எதில் போடுவது?

பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான். நம் ஊர் ஸ்டுடியோவுக்குப் போனால் நான்கு வகைகளைக் காட்டுவார்கள்: லேமினேஷன், கேன்வாஸ், அக்ரிலிக், கண்ணாடி ஃப்ரேம்.

லேமினேஷன் என்பது போட்டோவை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலம் பரப்பி அழுத்துவது. மலிவு. கண்ணாடி இல்லாததால் உடையாது, ஈரத்துணியால் துடைக்கலாம். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இந்த வசதிகளை லேசாக நினைக்க முடியாது. குறை, அதன் ஓரங்களில். எம்.டி.எஃப் ஈரத்தைக் குடித்து உப்பும், படலம் விளிம்பில் உரியும், காலப்போக்கில் மஞ்சளிக்கவும் செய்யும். அதைவிட முக்கியமானது, ஒட்டிய போட்டோவை மறுபடி பிரித்தெடுக்கவே முடியாது. பிரதி இல்லாத பழைய போட்டோவை மட்டும் தயவுசெய்து லேமினேஷனுக்குக் கொடுக்காதீர்கள். பலகை கெட்டால் படமும் அதோடு போய்விடும்.

கேன்வாஸ் இப்போது எல்லோரும் கேட்பது. துணியில் அச்சிட்டு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். கண்கூசும் பிரதிபலிப்பு கிடையாது. எடை குறைவு என்பதால் பெரிய படத்துக்கும் ஒரே ஆணி போதும். வயல்வெளி, கடல், மேகம் போன்ற பெரிய காட்சிகளுக்கு அருமையாக இருக்கும். ஆனால் துணியின் நெசவு நுணுக்கத்தை விழுங்கிவிடும். இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்தைக் கேன்வாஸில் போட்டால் கண்களும் புன்னகையும் மங்கிப்போகும். தூசி நெசவுக்குள் இறங்கினால் எடுப்பது கடினம். மழைக்காலத்தில் துணி தளரும், ஈரச்சுவராக இருந்தால் முதுகுப் பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

அக்ரிலிக்கில் வண்ணம் ஒளிர்வதைப் போல வேறு எதிலும் ஒளிராது. தடித்த அக்ரிலிக் தகட்டின் பின்புறம் படத்தை ஒட்டுவதால் நிறத்துக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. இருக்கிற நான்கில் விலையும் இதற்குத்தான் அதிகம். ஆனால் பால்கனிக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பகல் முழுக்க உங்களுக்குத் தெரிவது பால்கனிதான், படமல்ல. கீறலும் எளிதில் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் பரப்பு கெடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில், ஒரே ஒரு படத்துக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

கண்ணாடி ஃப்ரேம் பழைய பாணி என்று ஒதுக்கப்படுவது எனக்கு வருத்தம். நான்கில் நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான், ஒரு நிபந்தனையோடு: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை கட்டாயம் இருக்க வேண்டும். பழைய படங்கள் கண்ணாடியோடு அப்பிக்கொண்டு, பிரித்தால் உரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். போட்டோத் தாளின் மேற்பூச்சில் உள்ள ஜெலட்டின் ஈரத்தை இழுத்துப் பிசினாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். மவுன்ட் கொடுக்கும் சிறு இடைவெளி அதைத் தடுக்கிறது. அழகும் அதனால்தான் கூடுகிறது. 12க்கு 18 அங்குலப் படத்தைச் சுற்றி 2 அங்குல வெள்ளை மவுன்ட் விட்டால், சாதாரண செல்போன் படம்கூடக் கண்காட்சியில் தொங்கும் படத்தின் தோரணைக்கு வந்துவிடும். பளபளப்புத் தாளுக்குப் பதில் மேட் தாளில் போடச் சொல்லுங்கள். அமிலமற்ற மவுன்ட் அட்டை கேளுங்கள், விளிம்பு மஞ்சளிக்காது. பின்பக்கத்தை டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள், இராமபாணப் பூச்சி உள்ளே போகாது. முக்கியமாக, படம் அலுத்துவிட்டால் ஃப்ரேமை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் மாற்றலாம். மற்ற மூன்றிலும் அது நடக்காது.

எதில் போட்டாலும் வெயிலிடமிருந்து தப்பாது. எளிதில் மங்கும் காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் வழக்கமான ஒளி அளவு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). நேரடிச் சூரிய ஒளியோ 1,00,000 லக்ஸ் வரை போகும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பங்கைத்தான் தடுக்கிறது. ஆகவே மாலை வெயில் விழும் சுவரில் எதை வேண்டுமானாலும் வையுங்கள், போட்டோ மட்டும் வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் ஃபைலையும் கவனியுங்கள். 12 மெகாபிக்சல் செல்போன் படம் 4000க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 200 புள்ளி என்று வைத்தால் 20க்கு 15 அங்குலம் வரை நன்றாக வரும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளவாக்கில் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். 8 அங்குலத்துக்கு மேல் தாங்காது. டாக்குமென்டாக அனுப்பினால் அளவு அப்படியே போகும்.

ஒரே பெரிய படமா, பல சிறிய படங்களா?

7 அடி சோபாவுக்கு மேலே, அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் படம் நிரப்பினால் கண்ணுக்கு இதம். அதாவது சுமார் 56 அங்குலம். அவ்வளவு அகலத்துக்கு ஒரே படம் வேண்டுமென்றால் நல்ல கேமராப் படம் வேண்டும், கேன்வாஸ்தான் வழி. மவுன்டோடு 16 அங்குல அகலம் வரும் மூன்று படங்களை 3 அங்குல இடைவெளி விட்டு மாட்டினால் 54 அங்குலம் வந்துவிடுகிறது, செல்போன் படமே போதும். பதினைந்து இருபது சின்னப் படங்களைச் சுவர் முழுக்க இறைப்பதைச் சின்ன ஹாலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மூன்று படம், ஒரே வகை ஃப்ரேம், சோபா முதுகிலிருந்து 6 முதல் 8 அங்குல உயரத்தில்.

விரிப்பும் இருக்கையும்

படம் முடிவான பிறகு துணி எடுக்கப் போவது எவ்வளவு லேசாகிறது பாருங்கள். தோவாளைப் பூச்சந்தையில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வந்திக் குவியலின் மஞ்சள் படத்தையே நிரப்பியிருக்கும். குஷனுக்கும் அதே மஞ்சளை எடுக்காதீர்கள். படத்தின் ஓரத்தில் கொஞ்சமாகத் தெரியும் வாழையிலைப் பச்சையையோ, பூக்காரம்மாவின் புடவை நீலத்தையோ எடுங்கள். படத்தில் சிறிதாக இருப்பது துணியில் பெரிதாக வரும்போது இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடும்.

தரைக்கு பவானி ஜமக்காளமா, மெஷின் கார்பெட்டா? கார்பெட் காலுக்கு மெத்தென்று இருக்கும், சாயம் போகாது. ஆனால் அதன் மயிர்க்கால்களுக்குள் தூசி குடியேறிவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் நனைந்தால் காய நாளாகும். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தின் பட்டை வண்ணங்கள் வெள்ளைச் சுவர் ஹாலில் அபாரமாக இருக்கும். உதறி வெயிலில் போடலாம், விருந்தாளிகள் வந்தால் இன்னொன்றையும் விரிக்கலாம். வாங்கும்போது ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் வேறு எடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் வலை போடுவது அவசியம், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தரையில் பட்டை வந்துவிட்டால் குஷனுக்கு வெற்று நிறம் போதும். பத்தமடைப் பாயும் அழகுதான், ஆனால் டீப்பாய்க் கால் அழுந்தினால் கோரை உடையும். நடுஹாலுக்கு அது வேண்டாம்.

சோபாவில் ரெக்சின் போட்டது முதல் வருடம் கம்பீரமாக இருக்கும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியத் தொடங்கும், முதுகும் ஒட்டும். கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்ட மரச் சோபா அல்லது பிரம்புச் சோபா மேல். பிரம்பு இருக்கைக்கு வெயில்தான் எதிரி, பால்கனியில் விட்டால் வெடிக்கும். உறை மாற்றினால் வீட்டின் முகமே மாறுகிறது என்பதுதான் இங்கே பெரிய லாபம்: தை மாதத்துக்குக் கைத்தறித் துணியில் ஒன்று, கோடைக்கு வெளிர் நிறத்தில் ஒன்று என்று இரண்டு செட் வைத்துக்கொள்ளலாம்.

விளக்கையும் சொல்லியாக வேண்டும். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) டியூப்லைட்டின் கீழ் போட்டோவில் உள்ள முகங்கள் நீலம் பாய்ந்து நிற்கும். 3000 முதல் 4000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ 90க்கு மேல் உள்ள எல்.இ.டி போட்டுப் பாருங்கள். பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்றால் ஒட்டும் பட்டைகளை நம்பலாமா? வழுவழுப்பான எமல்ஷன் சுவரில் சிறிய, லேசான கேன்வாஸைத் தாங்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பட்டியோடு உரிந்து வரும். கண்ணாடி ஃப்ரேமுக்கு வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் சோபாவுக்குப் பின்னால் ஒல்லியான, உயரமான மேசை ஒன்றைப் போட்டு, ஃப்ரேம்களை அதன்மேல் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். அடியில் வழுக்காத ரப்பர் துண்டு ஒட்டிவிட வேண்டும். வீடு மாறும்போது எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போகலாம்.

பாட்டியின் அசல் ஸ்டுடியோ போட்டோ இருந்தால், அதை ஸ்கேன் செய்து பிரதியைச் சுவருக்குக் கொடுங்கள். அசலை அமிலமற்ற உறையில் போட்டு, வெளிச்சமும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் இருக்கும் அலமாரி மட்டும் வேண்டாம்.