நின் ஜியோம் பெய் பா கோ: வறட்டு இருமலுக்கு வாங்கலாம், சளி இருமலுக்கு வேண்டாம்

சிங்கப்பூரில் புகைமூட்டம் வந்தால் சீன மருந்துக் கடைகளில் முதலில் கைபோவது இந்த இருமல் பாகு மீதுதான். தாயும் மகனும் இருக்கும் படம் போட்ட ஹாங்காங் தயாரிப்பு. 2018 தொடக்கத்தில் நியூயார்க்கில் ஃப்ளூ பரவியபோது ஒரு பத்திரிகைச் செய்தியால் இதன் விலை இணையத்தில் பல மடங்கு ஏறியது. அந்த விலைக்கு இதில் ஒன்றும் இல்லை. சாதாரண விலைக்கு, சரியான இருமலுக்கு, நல்ல சரக்கு.

அடிப்படை தேனும் மால்ட் சர்க்கரையும். அதில் லோக்வாட் என்ற பழமரத்தின் இலை, சிச்சுவான் மலைப்பகுதியில் விளையும் சுவான்பெய் கிழங்கு, பலூன் பூச்செடியின் வேர், பம்ளிமாஸ் தோல், இஞ்சி, அதிமதுரம், புதினா எண்ணெயின் மென்தால் எல்லாம் சேர்கின்றன. பட்டியலில் சில நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவைதான். விலை கூடிய சரக்கு சுவான்பெய். வாயில் விட்டதும் தேன் இனிப்பு, பிறகு அதிமதுரம், கடைசியில் தொண்டையில் குளிர்ச்சி. கசப்பு மருந்தென்று பயந்து ஓடும் பிள்ளைகள்கூட இதைக் குடித்துவிடும்.

யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சீன மருத்துவம் இலையுதிர் காலத்தையும் வறட்சியையும் நுரையீரலோடு சேர்த்துப் பார்க்கிறது. இந்தப் பாகு அந்த வறட்சிக்கானது: தொண்டை அரிக்கும், சளி வராது, வந்தாலும் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு வரும், பேசினால் இருமல் தூண்டும். சிங்கப்பூரில் இலையுதிர் காலம் கிடையாது. அந்த வேலையைப் புகையும் இரவெல்லாம் ஓடும் ஏர்கானும் செய்கின்றன. மாறாக, உடம்பு குளிர்ந்து நடுங்கி, மூக்கில் தண்ணீராக ஒழுகி, வெள்ளையாக நீர்த்த சளி நிறைய வந்தால், சீன மருத்துவர்கள் அதைக் குளிர் இருமல் என்பார்கள். குளிர்ச்சி தரும் இந்தப் பாகை அதற்குக் கொடுக்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பாட்டிலை நீட்டும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

பெரியவர்களுக்கு அளவு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., நாளுக்கு 3 வேளை. சிறுவர்களுக்கு ஒரு தேக்கரண்டி. தண்ணீர் கலக்காமல் வாயில் விட்டு, மெதுவாக இறங்க விட வேண்டும். தொண்டையில் பூச்சாக நிற்பதுதான் இதன் முதல் பலன். விழுங்கிய உடனே ஒரு குவளை தண்ணீர் குடித்தால் பூச்சு கழுவிப்போகும்; கால் மணி நேரமாவது பொறுக்கலாம். நேரடியாக இறங்கவில்லை என்றால் அரைக் குவளை வெதுவெதுப்பான நீரில் கரைக்கலாம். கொதிநீர் கூடாது: மென்தால் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்தான்.

வெல்லப்பாகைவிடக் கெட்டி என்பதால் ஊற்ற நேரமாகும். கரண்டியை வெந்நீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாமல் இறங்கும். பாட்டில் வாயைத் துடைக்காமல் மூடினால் பாகு காய்ந்து மூடி இறுகிவிடும். அப்போது தலைகீழாக வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் திறக்கும். எச்சில் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

பெரிய குறை சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதே ரகக் கெட்டிப் பாகு இது. 3 வேளை குடிப்பதை நீரிழிவுக்காரர்கள் அதற்கேற்பக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் இருப்பதாலேயே கொடுக்கக்கூடாது. குழந்தை பொட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரும் அபாயம். அதிமதுரம் தொடர்ந்து சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்கட்டும்.

பலன் எவ்வளவு? அரிப்பு அடங்கும், இரவில் கொஞ்சம் தூங்கலாம். கிருமியைக் கொல்லாது, காய்ச்சலைக் குறைக்காது. இருமலைத் தணிக்கத் தேன் உதவும் என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. ஆகவே கிடைக்கும் ஆறுதலில் தேனின் பங்கு கணிசமாகவே இருக்கும். சளியில் இரத்தம், மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம், 3 வாரத்துக்கு மேல் நீளும் இருமல் என்றால் பாட்டிலை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சிங்கப்பூரில் இதுபோன்ற சீன மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் கட்டுப்படுத்துகிறது. ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. எனவே ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த, லேபிள் கிழிந்த பாட்டிலைவிடக் கடைச் சரக்கே மேல். 300 மி.லி. பாட்டில் ஒருவருக்கு முழு அளவில் 6 நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்றால் 15 மி.லி. பொட்டலங்களை வாங்குங்கள்: அளவு தவறாது, பையில் வைக்கலாம், கரண்டியும் வேண்டாம்.