வேலைவாய்ப்புத் திட்டத்தை நாமே தயாரிப்பதா, கன்சல்டன்ட்டிடம் கொடுப்பதா: அமெரிக்க அரசு ஒப்பந்தக்காரரின் வருடாந்தரத் தலைவலி

அமெரிக்காவில் 130 பேர் வேலை பார்க்கும் தொழிற்கூடம் எங்களுடையது. எச்.ஆர். பொறுப்பு என்னிடம். 50 ஆட்களும் 50,000 டாலர் மத்திய அரசு ஒப்பந்தமும் இருந்தாலே, 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 503ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதற்கான திட்டத்தை வருடாவருடம் எழுதி வைக்க வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு 1974 சட்டப்படி இன்னொரு திட்டம். அதற்கு ஒப்பந்தத் தொகை வரம்பு கூடுதல்.

முன்பு கன்சல்டன்ட்டிடம்தான் கொடுத்தோம். இப்போது நாங்களே செய்கிறோம். செலவு குறைந்தது, சரி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் மாறியதற்குக் காரணம் வேறு.

அதிபர் ஜான்சன் காலத்து 11246ஆம் ஆணை (1965) இருந்தவரை இனம், பாலினம் வாரியாகப் பணியாளர் கணக்கும் போட வேண்டியிருந்தது. சென்சஸ் புள்ளிவிவரத்தோடு பொருத்திப் பார்க்கும் அந்த வேலைக்குக் கன்சல்டன்ட் அவசியம்தான். 2025 ஜனவரி 21 அன்று அந்த ஆணை ரத்தானது. மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு பதிவு வேலை. காலியிடங்களை மாநில வேலைவாய்ப்பு அமைப்புக்குத் தெரிவித்தோமா, விண்ணப்பித்தவரிடம் விருப்பப் படிவத்தை (ஊனம் உண்டா என்று விரும்பினால் மட்டும் சொல்லும் படிவம்) கொடுத்தோமா, ஆள் தேடி எந்த அமைப்பை அணுகினோம், அதனால் யாராவது வந்தார்களா? இதையெல்லாம் வெளியாள் எப்படி எழுதுவார்? கடைசியாக வந்த கன்சல்டன்ட் அறிக்கையில் வரைபடங்கள் அழகாக இருந்தன. இந்தக் கேள்விகள் வரும் இடமெல்லாம் மஞ்சள் கட்டம், 'நிறுவனம் நிரப்பவும்' என்று. பத்து மாதத்துக்கு முன் யாரிடம் போனில் பேசினேன் என்று பழைய மெயில்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் துறையின் ஆடிட் கடிதம் வந்தால் 30 நாளில் எல்லாம் கொடுக்க வேண்டும். நினைவை நம்பி அதைச் செய்ய முடியாது.

இப்போது ஒரு எக்செல் தாள். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம். யாரை அழைத்தோம், என்ன பதில், எத்தனை விண்ணப்பம் வந்தது, யாரை ஏன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வருடக் கடைசியில் திட்டம் எழுத மூன்று நாள் போதும்.

பல மாநிலங்களில் கிளை இருந்தால் நான் இப்படிச் சொல்வேனா தெரியாது; எங்களுக்கு ஒரே இடம். ஆடிட்டும் இன்னும் வரவில்லை. கன்சல்டன்ட்தான் என்றால், பல வருட ஒப்பந்தம் மட்டும் போட வேண்டாம். பணியாளர்களில் 7 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் என்ற 503இன் இலக்கையும் அந்த விருப்பப் படிவத்தையும் நீக்கும் யோசனையைத் தொழிலாளர் துறையே 2025 ஜூலையில் முன்வைத்தது.

ஒரு தடவை மட்டும் காசு கொடுத்து வக்கீலிடம் படித்துப் பார்க்கச் சொன்னேன். திட்டத்தில் அவர் பெரிதாகக் கை வைக்கவில்லை. விருப்பப் படிவங்களை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். ஊழியர்களின் பணிக் கோப்பிலேயே செருகி வைத்திருந்தோம். மேலாளர்கள் திறந்து பார்க்கும் கோப்பு அது! ரகசியமாக, தனியாக வைக்க வேண்டியவை. அன்று மாலையே ஒவ்வொன்றாக உருவியெடுத்துப் பூட்டுள்ள அலமாரிக்கு மாற்றினோம்.