73 கிலோவில் நின்றுபோன எடை: கிச்சன் தராசும் கலோரிக் கணக்குமாக 20 மாதம்

வீடு தக்கலையில், வேலை மார்த்தாண்டத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுவது. வயது 40, உயரம் 158 செ.மீ. இதை முதலிலேயே சொல்லக் காரணம், கீழே வருகிற எண்கள் எல்லாம் இந்த உடம்புக்கு உரியவை, அப்படியே எடுத்து உங்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 2024 ஜனவரியில், கிறிஸ்துமஸ் கேக்கும் முந்திரிக்கொத்தும் தீர்ந்த கையோடு எடை மெஷினில் ஏறினேன், 84.2 காட்டியது. அன்றைக்கே போனில் ஒரு கலோரி ஆப் இறக்கி, ஒரு நாளைக்கு 1,500 என்று வைத்துக்கொண்டேன். கிச்சன் தராசு எல்லாம் அப்போது கிடையாது. கிண்ணம், கரண்டி, "ஒரு துண்டு", "கொஞ்சம்", இவைதான் அளவு.

முதல் ஆறு மாதம் பிரமாதமாகப் போனது. ஜூன் கடைசியில் 73.4. சுடிதார் எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன், பஸ் ஸ்டாண்டில் பார்த்த பழைய சிநேகிதி ஒருத்தி உடம்புக்கு ஏதாவது கேடா என்று கேட்டாள் (நம் ஊரில் மெலிந்தால் அதுதான் முதல் கேள்வி). அப்புறம் எடை நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை, ஆறு வாரம் 73க்கும் 74க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அதே 1,500, அதே காலை நடை, எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். தைராய்டாக இருக்கும் என்று ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஒழுங்காகவே இருந்தது, அதில் எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட.

அதற்கடுத்து நான் செய்தது மடத்தனம். ஆகஸ்டில் 1,500ஐ ஒரே அடியாக 1,050க்கு இறக்கினேன். ராத்திரிச் சோறு இல்லை, காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு. மூன்று வாரத்தில் 1.8 கிலோ போனது, உண்மைதான். ஆனால் கடையில் பில்லில் கூட்டல் தப்பியது, நாலு மணிக்கு மேல் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கக் காலே எழும்பாமல் ஆட்டோ பிடித்தேன். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்தால் உடம்பு நமக்குத் தெரியாமலே அசைவைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டோவில் போன அந்த நடை, உட்கார்ந்தபடியே மகனிடம் "தண்ணி எடுத்துட்டு வா மக்கா" என்று கேட்டது, எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். செப்டம்பர் 15 திருவோணம். உடன் வேலை பார்க்கும் அக்கா வீட்டில் ஓண விருந்து (சத்யா), கடைசியில் போளியைப் பிய்த்து பால்பாயசத்தில் போட்டுத் தந்தார்கள். மூன்று போளி சாப்பிட்டேன். அன்று தொடங்கியது பத்து நாள் நிற்கவில்லை. போன 1.8 திரும்பி வந்ததோடு இன்னொரு அரைக் கிலோவும் ஏறி 73.9ல் நின்றது.

சரி, கணக்கு எழுதுகிறவள் கணக்கை அல்லவா முதலில் பார்க்க வேண்டும். கடையில் சரக்கு குறைந்தால் முதலாளி சம்பளத்தையா வெட்டுவார், ஸ்டாக் எடுக்கச் சொல்வார். அப்படித்தான் 600 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு வாங்கினேன். 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும்.

மூன்று வாரம் எதையும் குறைக்கவில்லை. வாயில் போவதையெல்லாம் எடை போட்டு எழுதுவது மட்டும்தான் வேலை. முதல் நாளே அயிலை மீன் கறியில் மாட்டினேன். எங்கள் வீட்டில் சமையல் அத்தை கையில்தான். தேங்காய் ஒரு முறி (பாதித் தேங்காய்) திருவி வைத்திருந்தார்கள், அதை அம்மியில் போடுவதற்கு முன்னால் வாங்கித் தராசில் வைத்தேன். "என்ன மக்களே, தங்கமா நிறுக்குத?" என்று சிரித்தார்கள். 140 கிராம். தேங்காய்ப்பூ நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி, ஆக கறிக்குள் போகும் தேங்காயில் மட்டும் 490. தாளிக்க ஊற்றிய தேங்காய் எண்ணெயை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: எண்ணெய்க் குப்பியைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு, எடுத்து ஊற்றிவிட்டு, திரும்ப வைத்தால் மைனஸில் காட்டும். மைனஸ் 28. கிராமுக்கு ஒன்பது வைத்தால் 250. மீன் போடுவதற்கு முன்பே 740 கலோரி, நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 185. நான் ஆறு மாதமாக ஆப்பில் தட்டிக்கொண்டிருந்த "மீன் குழம்பு, ஒரு கிண்ணம்" இதில் பாதிகூட இல்லை. அது யாரோ வெறும் புளியும் தக்காளியும் விட்டு வைக்கிற குழம்பு, தேங்காய் அரைத்த கறி இல்லை. இதோடு ஒரு துவரன், அதிலும் தேங்காய். அவியல் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

அத்தை மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர்கள் நாற்பது வருடமாக அதே முறித் தேங்காயைத்தான் போடுகிறார்கள். எழுதியவள்தான் தப்பாக எழுதினாள். மற்றவை சில்லறை: கடையில் மூன்று வேளை டீ, சர்க்கரை வேண்டாம் என்று சொன்னது ஜனவரியில், டீ கொண்டுவரும் தம்பி மாறி பல மாதம் ஆகிவிட்டது, புதுத் தம்பி இரண்டு ஸ்பூன் போட்டே தருகிறான், நானும் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பூனுக்கு 20 என்றால் ஆறு ஸ்பூன் 120. சட்டியிலிருந்து சூடாக எடுத்த ஏத்தங்காய் சிப்ஸை யாராவது வாங்கி வந்து மேசையில் பிரித்து வைத்தால் ஐம்பது கிராம் போவது தெரியாது, அது 250க்கு மேல். பிள்ளைகள் மிச்சம் வைத்த மரச்சீனிக் கிழங்கு.

மூன்று வாரச் சராசரி 1,840. அப்போதுதான் உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி செலவாகும் என்று கணிக்கிற ஒரு பழைய சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். 1990ல் வந்த மிஃப்ளின் சமன்பாடு: எடையைப் பத்தால் பெருக்கு, உயரம் செ.மீ.யை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, பெண் என்றால் இன்னும் 161 கழி (ஆண் என்றால் 5 கூட்டு). வருவதை, லேசான நடமாட்டம் உள்ளவர்களுக்கு 1.375ஆல் பெருக்க வேண்டும். 84.2ல் எனக்கு வந்தது ஏறக்குறைய 2,025, 73.4ல் 1,880. பார்த்தீர்களா, எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது, பத்து கிலோ போனதில் ஒரு நாளைக்கு 145 கலோரி செலவு காணாமல் போய்விட்டது. அதாவது வரவு 1,840, செலவு 1,880. எடை நிற்காமல் என்ன செய்யும்?

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 1992ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. 1,200க்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் வளர்சிதை மாற்றம் கெட்டுப்போகவில்லை, உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவேண்டும் என்று இல்லை, கிண்ணம், கரண்டி, "கொஞ்சம்", அவ்வளவுதான். என் விஷயத்தில் ஒரு நாளைக்கு 340 கலோரி ஓட்டை.

ஆகவே ஏட்டில் நான் குறைத்தது எதுவும் இல்லை என்றே சொல்லலாம், எழுதியதை உண்மையாக்கினேன். இலக்கு 1,550, அதாவது ஏட்டில் இருந்த பழைய இலக்கைவிட 50 கூடுதல், ஆனால் நிஜமாகத் தின்றதைவிட 290 குறைவு. அத்தையிடம் தேங்காயைக் குறைக்கச் சொல்லவில்லை, சண்டை வரும். என் பங்கில் மீனைக் கூட்டி, கறியைச் சோற்றில் குழைய ஊற்றாமல் தொட்டுக்கொள்கிற அளவுக்கு வைத்தேன். சாளை, நெத்தோலி, அயிலை என்று நம் பக்கம் மீனுக்குப் பஞ்சம் இல்லை, நூறு கிராமில் இருபது கிராமை ஒட்டிப் புரதம் கிடைக்கிறது, பசி அடங்குகிறது. வறுத்தது வாரம் ஒரு நாள். சோறு வேளைக்கு 60 கிராம் அரிசி, வேகவைப்பதற்கு முன் எடை (இது முக்கியம், வெந்த சோற்றின் எடை தண்ணீரைப் பொறுத்து மாறும், சம்பா அரிசிக்கு இன்னும் மாறும்). டீயில் சர்க்கரை போனது.

வாரத்துக்கு 250, 300 கிராம் என்று மெதுவாக இறங்கத் தொடங்கியது. மெதுவாக என்பதில் ஒரு சிக்கல் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்கு 1.2 கிலோ வரை ஏறும், நெத்தோலிக் கருவாடு சாப்பிட்ட மறுநாள் அரைக் கிலோ கூடும், எல்லாம் தண்ணீர். வாரம் ஒரு தடவை மட்டும் எடை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதுவே என்னைப் பாதி பைத்தியம் ஆக்கியது. இப்போது தினமும் காலையில் பார்த்து ஏழு நாள் சராசரி எடுத்து, அதைப் போன மாதம் இதே வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுகிறேன். பெண்கள் இந்த ஒன்றையாவது செய்யுங்கள். கூடவே இடுப்பை டேப்பால் அளப்பது, ஒரு மாதம் எடை 200 கிராம்தான் குறைந்தது, இடுப்பு 2 செ.மீ. போயிருந்தது.

2024 கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் விடுமுறை விட்டேன், கணக்கு எழுதாமல் இல்லை, 1,850 வரை சாப்பிட்டேன். ஒரு கிலோவுக்கு மேல் ஏறியது. முன்பு என்றால் அழுதிருப்பேன். மாவுச்சத்தும் உப்பும் கூடினால் உடம்பில் தண்ணீர் தங்கும், ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாகத் தின்றிருக்க வேண்டும், அவ்வளவு நான் தின்னவில்லை என்று ஏட்டில் இருந்தது. பத்து நாளில் இறங்கிவிட்டது.

2025 மார்ச் கடைசியில் 69.6. இரண்டாவது தடவை நின்றது ஜூனில், 68.9ல். இந்தத் தடவை தராசு சரி, ஏடு சரி, ஓட்டை இல்லை. காலில்தான் இருந்தது விஷயம். காலையில் பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி நடப்பது வழக்கம், தென்மேற்கு மழை பிடித்ததும் அது நின்றது, போன் கணக்கில் 8,000 அடி 4,500 ஆகியிருந்தது. நாலு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாலையில் அரை மணிநேரம் வீட்டு மாடியில் ஷீட்டுக்குக் கீழே நடந்தேன், அரிசியை 60லிருந்து 45 ஆக்கினேன். மத்தியானமும் ராத்திரியுமாக இரண்டு வேளைக்கு 30 கிராம், சுமார் 105 கலோரி, அவ்வளவுதான் வெட்டு. ஒன்றரை வாரம் கழித்து நகரத் தொடங்கியது. போன ஆகஸ்டில் 450ஐ வெட்டியவள் இப்போது 105ஐ வெட்டுகிறேன், கடையில் கூட்டல் தப்பவில்லை, வீட்டில் யாரும் என்னைக் கண்டு ஓடவும் இல்லை.

வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், அவரும் கூடச் சேருகிறேன் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம், டாக்டரிடம் மருந்தளவு பேசாமல் ஆரம்பிக்கவே கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், முன்பு சாப்பாட்டுக் கோளாறால் மனசளவில் அவதிப்பட்டவர்கள், அவர்களுக்கும் இது வேண்டாம்.

தராசைப் பற்றியும் சொல்லவேண்டும், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக. இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடும், தேங்காய் திருவிக்கொண்டே அளக்கலாம் என்று நினைத்தால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இது பெரிய தொல்லை. ஒரு கிராம் வரை காட்டும் என்று பெயர், ஆனால் இரண்டு மூன்று கிராமை மட்டும் போட்டால் காட்டவே காட்டாது, ஜீரகம் கடுகுக்கு உதவாது, எண்ணெய்க்கு மேலே சொன்ன குப்பி வழிதான். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு பட்டன் மேலே இருந்த எழுத்து அழிந்துவிட்டது. போன மழைக்கு பேட்டரி தொடும் கம்பியில் துரு, மணல்தாள் வைத்துத் தேய்த்தேன். பேட்டரி ஏழு மாதம் வருகிறது. இவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்குவேன். தினமும் எல்லாவற்றையும் நிறுப்பது இப்போது இல்லை, அரிசி, எண்ணெய், தேங்காய், சிப்ஸ் இந்த நாலு மட்டும், காய்கறியை எல்லாம் நிறுக்கப் போனால் வாழ்க்கை போய்விடும்.

இப்போது செப்டம்பர் கடைசி. சராசரி 67.2, மூன்று வாரமாக அதிலேயே நிற்கிறது. ஓணத்துக்குப் போளி இந்தத் தடவையும் சாப்பிட்டேன், ஒன்றரை. ஏட்டில் ஓட்டை தெரியவில்லை, நடை 7,500க்குக் குறையவில்லை, தேதியைப் பார்த்தால் தண்ணீர் ஏறுகிற வாரம். அடுத்த ஞாயிறு வரை அரிசியில் கை வைப்பதாக இல்லை.