கற்றாழைக்கு எது சரி: மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா, தரையா?

கடை வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். மண் கிடையாது, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் கிடையாது. ஆனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இலை நுனிகள் மெல்ல மேல்நோக்கி வளைந்துகொண்டே வரும். அதே சோற்றுக் கற்றாழையைப் புதுத் தொட்டியில் வைத்து, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாசமாக வளர்க்கிற வீட்டில் அடி அழுகிச் சாய்ந்துவிடுகிறது. வீட்டில் சாகிற கற்றாழைகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாவதில்லை, ஈரத்தால்தான் சாகின்றன. அதனால் தொட்டி, மண், வைக்கும் இடம் மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: எது சீக்கிரம் காயும்?

இங்கே சென்னையையும் அதைப் போன்ற கடலோர ஊர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கத்திரி வெயிலைத் தாண்டி வந்த செடி நவம்பரில் போய்விடுகிறது என்றால் காரணம் அதுதான்.

முதலில் தொட்டி. சுட்ட மண் தொட்டிக்கு உடம்பெல்லாம் நுண்துளை. தண்ணீர் அடி ஓட்டை வழியாக வடிவதோடு நிற்காமல், சுவர் வழியாகவும் கசிந்து ஆவியாகும். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது தண்ணீரோடு வெளியே வந்து காய்ந்த உப்பு. பலர் அதை அசிங்கம் என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். என்னைக் கேட்டால், சுவர் ஒழுங்காக மூச்சு விடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிளாஸ்டிக்கில் இந்தக் கசிவு இல்லை. ஒரே நாளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிவிட்டு, சில நாள் கழித்து இரண்டிலும் ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் தொட்டிக் குச்சி சுத்தமாக வரும்போது பிளாஸ்டிக் தொட்டிக் குச்சியில் இன்னும் சேறு ஒட்டியிருக்கும். கற்றாழையின் வேர் அந்தச் சேற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மண் தொட்டியிலும் குறை உண்டு. கனம் அதிகம், கை தவறினால் உடையும், வேர் உள்சுவரில் ஒட்டிக்கொள்வதால் செடி மாற்றும்போது கொஞ்சம் பிய்யும். நான்காவது மாடி பால்கனிக் கம்பியில் அதை மாட்டச் சொல்ல மாட்டேன். அங்கே பிளாஸ்டிக்தான் சரி. ஆனால் அடியில் இருக்கும் ஒற்றை ஓட்டை போதாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இன்னும் நாலைந்து போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தக்காளிக்கும் கீரைக்கும் நல்லது. கற்றாழைக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. ஓட்டை இல்லாத பீங்கான் கிண்ணத்தை வரவேற்பறை மேசைக்கு வாங்குகிறவர்கள், அதில் நேரடியாக நடாமல் சின்ன மண் தொட்டியை உள்ளே வைத்தால் போதும்.

அளவிலும் ஒரு வாதம் இருக்கிறது. ‘பெரிய தொட்டி வைத்தால் பெரிசா வளரும்’ என்பார்கள். கற்றாழை வேர் ஆழமாக இறங்குவதைவிடப் பக்கவாட்டில்தான் பரவும். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி என்றால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செடியைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும். வாய் அகன்று உயரம் குறைந்த தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த செடி தலை கனத்துச் சாயாமலும் இருக்கும்.

சரி, தரையில் வைத்தால்? இதற்கு ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணல்பாங்கான இடத்தில் வீடு என்றால் தொட்டியே வேண்டாம். தரையில் வைத்த கற்றாழை வேகமாகப் பெருகிப் பக்கக் கன்றுகளாக விட்டுத் தள்ளும். அந்தச் செழிப்பை எந்தத் தொட்டியிலும் பார்க்க முடியாது. வேளச்சேரி மாதிரி மழைக்குத் தண்ணீர் நிற்கிற பகுதி, அல்லது களிமண் தரை என்றால் தொட்டிதான். தரையில்தான் வைப்பேன் என்றால் செங்கல் அடுக்கி ஓரடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள்.

உண்மையில் தொட்டியைவிட மண்கலவை முக்கியம். அதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நர்சரியில் இருந்து வரும் செடி பெரும்பாலும் கறுப்பு பாலிதீன் பையில், இறுகிய செம்மண்ணில் இருக்கும். பையைக் கிழித்தால் மண் உடையாமல் கட்டியாக அப்படியே நிற்கும். அந்தக் கட்டியோடு தொட்டிக்குள் இறக்கினால், ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடும்; உள்ளே போன ஈரமோ லேசில் வெளியே வராது. கையால் மெதுவாக உதிர்த்து வேரை விடுவித்துத்தான் நட வேண்டும்.

கோகோபீட்டா (தேங்காய் நார்த்தூள்), மணலா என்று கேட்டால் தயங்காமல் மணல் என்பேன். கோகோபீட் எடை குறைவு, எங்கும் கிடைக்கும், மாடித்தோட்டக்காரர்களுக்குப் பிரியமானது. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலையே. முழுக்கக் காய்ந்தாலோ நேர்மாறாகத் தண்ணீரை உள்ளே விடாது. கீரைக்கு வரம், கற்றாழைக்குத் தொல்லை. நான் பரிந்துரைப்பது செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மண்புழு உரமோ மக்கிய சாணமோ அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காத இடத்தில், பாறையை உடைத்துச் செய்கிற எம்சாண்ட் போடலாம். அதிலுள்ள மாவுத்தூள் போகும்வரை அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூளே இறுகிவிடும். உடைத்த செங்கல் சில்லுகளையும் கலக்கலாம். கடல் மணல் மட்டும் கூடாது, உப்பு.

தண்ணீர் ஊற்றுவதிலும் இரண்டு கட்சி உண்டு. தினமும் கொஞ்சம் தெளிப்பவர்கள் ஒன்று, நன்றாகக் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றுபவர்கள் இன்னொன்று. இரண்டாவது கட்சிதான் சரி. தினமும் தெளித்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும்; செடியின் கழுத்து அங்கேதான் இருக்கிறது. கோடையில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, ஈர்க்குச்சி சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அடைமழைக் காலத்தில் ஊற்றவே வேண்டாம். தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

தாகத்தையும் அழுகலையும் குழப்பிக்கொள்வதால்தான் பல செடிகள் போகின்றன. தாகம் என்றால் இலை மெலிந்து, ஓரங்கள் உள்நோக்கிச் சுருளும்; ஆனால் தொட்டால் கெட்டியாகவே இருக்கும். ஊற்றினால் சில நாளில் மறுபடி உப்பிவிடும். அழுகல் என்றால் அடி இலை மஞ்சளாகி, கண்ணாடி போலாகிக் கொழகொழக்கும், நாறும். வாடுகிறதே என்று அதற்கும் ஊற்றினால் செடி முடிந்தது. உடனே பிடுங்கிக் கறுத்த வேரை வெட்டி, நிழலில் மூன்று நான்கு நாள் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்த பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் காட்டுங்கள். தண்டு கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இடம் என்று பார்த்தால் கிழக்குப் பார்த்த பால்கனி முதலிடம். மொட்டை மாடியின் மே மாத வெயிலில் இலை செம்பழுப்பாக மாறும். அது சாவு இல்லை, கொஞ்சம் நிழல் கிடைத்தால் பச்சை திரும்பும். நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் இருந்த செடியை மட்டும் ஒரே நாளில் உச்சி வெயிலுக்குத் தூக்காதீர்கள். படுக்கையறை வேண்டாம். இரவில் ஆக்ஸிஜன் தரும் என்று சொல்லித்தான் அங்கே வைக்கிறார்கள். கற்றாழை இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்வது உண்மை. ஆனால் ஆக்ஸிஜன் உருவாவது வெளிச்சத்தில்தான். இருட்டு அறையில் இலை வெளிறி, நீண்டு, பக்கவாட்டில் படுத்துவிடும்.

புதுச் செடிக்கு இலையா, கன்றா? வாழைப்பழத்தில் செருகிய இலை முளைப்பதாகக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். தனி இலையில் குருத்து இல்லை, அழுகத்தான் செய்யும். தாய்ச்செடியின் அடியில் வரும் கன்று நாலைந்து அங்குலம் வளர்ந்து, சொந்த வேர் பிடித்த பிறகு கத்தியால் பிரித்து, ஒரு நாள் காயவைத்து நடுங்கள். வாங்கும்போது ரயில் கற்றாழையோடு ஏமாறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேறு குடும்பம். இலை நாராக இருக்கும், நுனியில் ஊசி முள், சாறு பட்டால் தோல் அரிக்கும். சோற்றுக் கற்றாழை இலையை ஒடித்தால் உள்ளே தெளிந்த சோறு தெரியும், தோலை ஒட்டி மஞ்சள் பால் வடியும்.

அந்த மஞ்சள் பால்தான் காய்ந்து கரியபோளம் என்கிற மருந்துச் சரக்கு ஆவது. பேதியாக்கும். இதைக் கொண்டு செய்து கடையில் நேரடியாக விற்கப்பட்ட பேதி மருந்துகளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002இல் விலக்கியது. அதனால் முகத்துக்கோ தலைக்கோ இலை வெட்டினால், அடியிலிருக்கும் முதிர்ந்த இலையாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கிண்ணத்தில் கால் மணி நேரம் சாய்த்துவையுங்கள். பால் வடிந்த பின் தோலைச் சீவி, சோற்றை நாலைந்து முறை அலசுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அவற்றுக்கு இந்தச் செடி நஞ்சு.