நாமா, நாங்களா?

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: “ஞாயிறு நாங்க ஏற்காடு போறோம்.” குழுவில் இருப்பதோ 16 பேர். எழுதியவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் ‘நாங்கள்’ என்றாலே கேட்பவர் அதில் சேர்த்தியில்லை. தமிழ் இலக்கணம் அப்படி. “நாம போறோம்” என்றிருந்தால் படிக்கிற ஆளும் வண்டியில் ஏறியாச்சு. இந்தியின் ‘ஹம்’ இரண்டுக்கும் பொது, அங்கே இந்தச் சங்கடம் கிடையாது. தெலுங்கில் உண்டு: நாம் என்பதற்கு ‘மனம்’, நாங்கள் என்பதற்கு ‘மேமு’.

அதற்காக எங்கும் ‘நாம’ போட்டாலும் வம்புதான். “நாம ஆளுக்கு 500 போட்டுடலாம்” என்றால், யாரைக் கேட்டு என்று தோன்றும். பணப் பேச்சில் எனக்கு ‘நாங்க’தான் பிடிக்கும். அழைப்புக்கு மட்டும் ‘நாம’. சொந்த வீட்டுக்கே விருந்தாளியை “நம்ம வீட்டுக்கு வாங்க” என்றுதானே கூப்பிடுகிறோம்!