ஏரியலா, அர்சுலாவா?

டிஸ்னியின் 1989 ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் ஒட்டிக்கொள்ள இரண்டு பேர் உண்டு. கிடைத்த உடம்பு போதாமல் வேறு உலகத்துக்கு ஏங்குகிறவள் கடல்கன்னி ஏரியல். திருநர் பலருக்கு அந்த ஏக்கம் புரியும். சரி, ஆனால் அதற்காக அவள் தன் குரலையே கொடுத்துவிடுகிறாள்.

கடல் சூனியக்காரி அர்சுலாவோ எதையும் கொடுப்பதில்லை, பிடுங்குகிறாள். அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டவள். பருத்த உடம்பு, அப்பிய மேக்கப், வாய் நிறைய எகத்தாளம்; மன்னிப்பு என்ற பேச்சே கிடையாது. அவள் தோற்றத்துக்கு முன்மாதிரி டிவைன் என்ற டிராக் கலைஞர், அதாவது பெண் வேடமிட்டு மேடையேறியவர். படத்தைப் பார்க்காமலே 1988-ல் இறந்துபோனார், பாவம். பாடல் வரிகளை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மனும் தன்பாலீர்ப்பாளர். அப்புறம் திருநரும் தன்பாலீர்ப்பாளர்களும் அர்சுலாவைக் கொண்டாடாமல் வேறு யாரைக் கொண்டாடுவார்கள்?

கடைசியில் கப்பல் முனை குத்திச் சாகிறாள்தான். இருந்தாலும் என் ஓட்டு அர்சுலாவுக்கே.